நாலாவது ஹாலஜன்

"ஐயோ...!"

பட்டப்பகல் இரண்டு மணி. அந்த அலறல் மதில் சுவரைத் தாண்டி வந்து பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மெஷினை நிறுத்தியது.

தையல்காரர் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது!

பின்கட்டில் மரக்கடைக்காரர் மல்லாந்து கிடந்தார். துணி துவைக்கிற கல்லின் விளிம்பில் பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் சோப்பு நுரையோடு கலந்து ரோஜா நிறத்தில் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலுக்குக் குறுக்கே ஓர் அலுமினிய ஏணி. நெஞ்சுக்குப் பக்கத்தில் கண்ணாடி சிதறிய ஒரு ஃப்ளட் லைட்.

அலறியது அவர் மனைவி. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தையல்காரர் போலீசுக்கு ஃபோன் போட்டார். இந்த மாதிரி வேலைக்கு மட்டும் ஜனங்களுக்கு விரல் வேகமாக ஓடும்.

மணி நாலு.

அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தான் எலக்ட்ரீஷியன். பிறந்தபோது வைத்த பெயர் அவனுக்கே மறந்துவிட்டது. எந்நேரமும் காதில் டெஸ்டர் செருகியிருப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் டெஸ்டர்.

பின்கட்டுக்கு வந்தவன் அப்படியே நின்றான். வெள்ளைத் துணி. அதற்குக் கீழே ஒரு ஜோடிக் கால்!

"யார்டா நீ?"

இன்ஸ்பெக்டர். கழுத்தே இல்லாத மனிதர். தலையைத் தோளில் நேரடியாக ஒட்டவைத்த மாதிரி இருந்தார்.

"எலக்ட்ரீஷியன் சார். நாலு மணிக்கு வரச் சொன்னாங்க."

"யாரு?"

டெஸ்டர் வெள்ளைத் துணியைக் காட்டினான். "அவருதான்..."

பளார்!

காதிலிருந்த டெஸ்டர் தெறித்துப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"நீ பார்த்த வேலையோட லட்சணம் பாருடா! ஷாக் அடிச்சு ஏணியில இருந்து விழுந்து செத்திருக்கான் மனுஷன்!"

"சார்... நான் அதைத் தொடவே இல்ல சார்! இந்த வீட்டுல நாலு ஹாலஜன் லைட்டு. எல்லாத்தையும் எடுத்துட்டு எல்இடி போடச் சொன்னாங்க. நேத்து மூணு முடிச்சேன். இது நாலாவது. இன்னிக்குத்தான் மாட்டணும்!"

"மூணுக்கு மேல எண்ணத் தெரியாதா உனக்கு? ஏன் விட்டே?"

"எங்க தொழில்ல அப்படித்தான் சார். உசரத்துல இருக்கறதை முதல்ல முடிச்சுடுவோம். கால்ல தெம்பு இருக்கறப்பவே ஏணி வேலை. தரையில நின்னு கைக்கு எட்டறதைக் கடைசில வெச்சுக்குவோம். இது கைக்கு எட்டற..."

டெஸ்டர் நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். ஏணியைப் பார்த்தான்.

"சார்... இதுக்கு எதுக்கு சார் ஏணி?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஒரு ஆளின் நெற்றி உயரத்தில், இரண்டு போல்ட் மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தன. லைட் பிய்ந்து வந்த இடம். அறுந்த ஒயர் கருகித் தொங்கியது. இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். சுலபமாக எட்டியது. குள்ளமான கான்ஸ்டபிளும் கையை நீட்டிப் பார்த்தார்.

"எனக்கே எட்டுது சார்!"

"உன்னை யாருய்யா அளவு எடுக்கச் சொன்னது?" இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. "அப்போ ஏணியில இருந்து விழல. அப்படின்னு காட்டறதுக்கு யாரோ ஏணியைக் கொண்டுவந்து போட்டிருக்கான். இது விபத்து இல்ல... கொலை!"

டெஸ்டருக்கு மூச்சு வந்தது. "அதான் சார் நானும் சொல்றேன்!"

"ஏணி யாரோடது?"

டெஸ்டர் வாயைத் திறந்தான். மூடினான்.

"யாரோடதுடா?"

"என்னோடது சார். நேத்து இங்கயே விட்டுட்டுப் போனேன்..."

வந்த மூச்சு திரும்பிப் போய்விட்டது. புத்திசாலித்தனத்தைப் போலீஸ் முன்னால் காட்டினால் இதுதான் கதி!

மதிலுக்கு மேல் தையல்காரரின் தலை முளைத்தது.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா? நேத்து சாயங்காலம் இவருக்கும் அவருக்கும் வாசல்ல பயங்கரச் சண்டை. 'யாரைக் கேட்டுடா என் வீட்டு விளக்கைக் கழட்டினே'ன்னு அவர் இவர் சட்டையைப் பிடிச்சார். இவர் 'கையை எடுய்யா, இல்லேன்னா நடக்கறதே வேற'ன்னு சொன்னார். என் காதால கேட்டேன்!"

"அண்ணே, கோபத்துல சொன்னதுண்ணே அது!" டெஸ்டர் கத்தினான்.

"நானும் கேட்டதைத்தான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார்.

கான்ஸ்டபிள் குள்ளம்தான். கை குள்ளமில்லை. டெஸ்டரின் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். எண்ணினார்... இருபது வரை. தூக்கினார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். மறுபடி அமுக்கினார்... முப்பது! முழங்காலுக்குக் கீழே லத்தி இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் தையல்காரருக்கே கேட்டது. அவர் தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"ஒத்துக்கடா!"

"நான் பண்ணல சார்... ஆ...! பண்ணல...!"

"ஒத்துக்கறியா, இல்ல அம்பது எண்ணச் சொல்லவா?"

"அவரை விடுங்க!"

மாடிப்படியிலிருந்து குரல்.

முப்பது வயது ஆள். தடித்த கழுத்து. செத்தவரின் மச்சான். அக்காவுக்குத் துணையாக இந்த வீட்டிலேயே தங்கி, மாமாவின் மரக்கடையில் ரம்பம் ஓட்டுகிறவன். சட்டையெல்லாம் ரத்தம். கையெல்லாம் ரத்தம்.

"நான்தான் கொன்னேன்!"

படியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். "டேய்... பேசாம இரு!"

"நீ உள்ள போக்கா!"

இன்ஸ்பெக்டர் டெஸ்டரை விட்டுவிட்டு அவனிடம் போனார். "எதுக்குக் கொன்னே?"

"அவரைப் பிடிக்கல."

"எனக்கும்தான் இந்தக் கான்ஸ்டபிளைப் பிடிக்கல. விட்டு வெச்சிருக்கேன்ல? எதால அடிச்சே?"

"அந்த லைட்டால. செவுத்துல இருந்து பிடுங்கி மண்டையில ஒரே போடு!"

"ஒரு கையாலயா?"

"ரெண்டு கையாலயும் தூக்கி..."

"போதும். மாட்டுய்யா விலங்கை."

அவ்வளவுதான். கேஸ் முடிந்தது. இன்ஸ்பெக்டர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். டெஸ்டரின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ போ. திரும்பிப் பார்க்காம ஓடு."

டெஸ்டர் நனைந்த சட்டையோடு நொண்டிக்கொண்டு பெட்டியை எடுத்தான். வாசலைப் பார்த்து நடந்தான். அப்படியே போயிருக்கலாம். புத்தி உள்ளவன் போயிருப்பான்!

வாசலில் தையல்காரர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கென்ன தெரியும்? இந்த வீட்டுல எல்லாமே வினோதம். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்தேன். வெயில் மண்டையைப் பிளக்குது, மதிலுக்கு மேல எட்டிப் பார்க்காமலே தெரியுது, பின்கட்டுல அந்த லைட்டு ஜெகஜோதியா எரியுது! சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து ஒரு கால்சட்டை தெச்சு முடிச்சேன்... அப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு! கரண்ட்டுக்கு என்ன கொழுப்பு பாருங்க!"

டெஸ்டரின் கால் நின்றுவிட்டது.

ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை. ஐந்நூறு வாட்ஸ் ஹாலஜன்!

அவன் திரும்பி நடந்தான். இந்த வாய் இருக்கிறதே... அதுதான் அவனுக்கு முதல் எதிரி.

"சார்... கொன்னேன்னு சொல்றவர் கையைக் கழுவிட்டுப் பாருங்க!"

"இன்னும் போகலையா நீ?"

"அந்த லைட்டு ஒரு மணி நேரமா எரிஞ்சிருக்கு சார். எல்இடின்னா தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான். ஹாலஜன் அப்படி இல்ல. அணைச்சுட்டுப் பத்து நிமிஷம் பொறுத்துத்தான் கிட்டயே போவோம். இதோ, என் விரலைப் பாருங்க. அவசரப்பட்டுத் தொட்டுத் தொட்டு ரேகையே போயிடுச்சு! எரிஞ்சுக்கிட்டிருந்த லைட்டை ரெண்டு கையாலயும் பிடுங்கியிருந்தா, உள்ளங்கைத் தோல் அதுலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்!"

கான்ஸ்டபிள் விலங்கைக் கழற்றி, மச்சானின் கைகளை இழுத்துத் தொட்டியில் முக்கினார். ரத்தம் கரைந்தது. மரக்கடைக் காய்ப்பு ஏறிய கைகள். ஒரு கொப்புளம் இல்லை!

"பொய்யாடா சொன்னே?" இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் அவன் வயிற்றில் இறங்கியது. அவன் மடங்கி விழுந்தான். "யாரைக் காப்பாத்தறே? யாரை?"



எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. பின்வாசல் படி. அக்கா. அவள் இடது கையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. இரண்டு மணி நேரமாகச் சுற்றியிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கான்ஸ்டபிள் துண்டைப் பிடித்து இழுத்தார்.

துண்டோடு தோலும் வந்தது!

அவள் கத்தவில்லை. பழகியவள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே புறங்கைப் பக்கம் சிவப்பாகச் சதை தெரிந்தது. அதற்கு மேலே... பழைய தழும்புகள். சதுரம் சதுரமாக, பழுப்பாக. ஏழு!

கான்ஸ்டபிள் துண்டைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னம்மா இது?" இன்ஸ்பெக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"லைட்டு சார்."

"என்ன லைட்டு?"

"அந்த லைட்டுதான். சட்டையில சுருக்கம் இருந்தா. ஃபோன் அடிச்சு ரெண்டாவது மணியில எடுக்கலேன்னா. முதல்ல லைட்டைப் போடுவார். அது காயணும்ல... அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷமும் நான் பக்கத்துலயே நிக்கணும். நகரக் கூடாது. சூடு கூடப் பரவாயில்ல சார். அந்த அஞ்சு நிமிஷம்தான் தாங்காது."

தரையில் கிடந்த தம்பி தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். "சொன்னியாக்கா என்கிட்ட? ஒரு வார்த்தை சொன்னியா? அடுப்புல பட்டுச்சுன்னு சொன்னியே!"

"சொன்னா நீ அவரைக் கொன்னிருப்பே. உன்னைத் தூக்குல போட்டிருப்பாங்க." அவள் டெஸ்டர் பக்கம் திரும்பினாள். "எல்இடி சுடாதுன்னு லைட்டுக் கடையில சொன்னாங்க. அவர் மரம் எடுக்க வெளியூர் போன நேரத்துல மாத்திடலாம்னு இந்த அண்ணனைக் கூப்பிட்டேன். இதை முதல்ல மாத்துங்கண்ணேன்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன்."

டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று தடவைக்கும் அவன் ஒரே பதில்தான் சொன்னான். 'கைக்கு எட்டறதுதானேம்மா? எங்க ஓடிடப் போகுது?'

"அவர் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டார். நேத்து வாசல்ல சண்டை போட்டுட்டு, 'நாளைக்கு நாலு மணிக்கு வா, அதுக்கு முன்னாடி வராதே'ன்னு இவர்கிட்ட சொன்னார். இன்னிக்கு ஒரு மணிக்கு லைட்டைப் போட்டார். அஞ்சு நிமிஷம் இல்ல... அம்பது நிமிஷம் சார்! 'நாலு மணிக்கு உன் எல்இடி வந்துடும். அதுக்குள்ள ஒரே தடவையா அனுபவிச்சுக்கோ'ன்னு சொல்லிக் கையைப் பிடிச்சார்."

 குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அதுக்காகக் கொலை பண்ணிட முடியுமா? சட்டம்னு ஒண்ணு இருக்கே... விலங்கை இங்க கொண்டாய்யா."

அந்த நொடியில்தான் அது நடந்தது!

தம்பி தரையிலிருந்து பாய்ந்தான். கையில் லைட்டின் கண்ணாடிச் சில்லு, கத்தி நீளத்துக்கு! இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தொடுவதற்குள், டெஸ்டரின் கழுத்து அவன் முழங்கை மடிப்பில் மாட்டியிருந்தது. சில்லு தொண்டைக் குழியில் அழுந்தியது. சூடாக ஒரு கோடு இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது.

"எங்கக்கா மேல கையை வெச்சீங்க... இவன் சங்கை அறுத்துடுவேன்!"

"டேய், நான் என்னடா பண்ணேன்...?" டெஸ்டருக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

"நீதானடா வாயைத் திறந்தே! நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன், எங்கக்கா நிம்மதியா இருந்திருப்பா! உன்னை யாருடா திரும்பி வரச் சொன்னது?"

நியாயமான கேள்வி.

"போடுடா அதைக் கீழே!" இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார்.

"சுடு! இவனைத் தாண்டித்தான் குண்டு என்கிட்ட வரும்!"

சில்லு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. டெஸ்டரின் கண் இருண்டது. தலையை அசைக்க முடியவில்லை. பார்க்க முடிந்தது தரையை மட்டும்தான். தரையில் வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே செத்தவரின் வலது கை. விரல்கள் எதையோ பற்றிய மாதிரி மடங்கியிருந்தன. அந்த மடிப்புக்குள்ளே...

"கை...!" டெஸ்டர் கத்தினான். "செத்தவர் கை! விரிச்சுப் பாருங்க சார்! தயவுசெஞ்சு... விரிச்சுப் பாருங்க!"

கான்ஸ்டபிள் குனிந்தார். விறைத்துக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மொறுக்... மொறுக்...

உள்ளங்கை வெந்து கருத்துப் போயிருந்தது! லைட்டின் முதுகில் இருக்கும் தகட்டு வரிகள், அச்சு வைத்த மாதிரி, அதில் பதிந்திருந்தன!

"அந்தம்மா உள்ளங்கையைப் பாருங்க!"

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"அவங்களுக்குச் சுட்டது புறங்கை சார்! தூக்கி அடிச்சிருந்தா உள்ளங்கை வெந்திருக்கணும். இங்க உள்ளங்கை வெந்தவர் ஒரே ஒரு ஆள்தான்... அவரேதான்! அவர்தான் அதைப் பிடிச்சிருக்கார்!"

தம்பியின் பிடி தளர்ந்தது. அக்காவைப் பார்த்தான்.

"அக்கா... நீ அடிக்கலையா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ... நீ அடிக்கலையாடா?"

சில்லு தரையில் விழுந்து உடைந்தது.

"நான் அவர் கையைக் கடிச்சேன்," என்றாள் அவள். "விட்டுட்டார். தடுமாறிப் பின்னால போனார். நான் பார்க்கல... பாத்ரூமுக்கு ஓடிக் குழாய்க்கு அடியில கையை நீட்டிட்டு நின்னேன். தடால்னு சத்தம் கேட்டுது. வெளிய வந்தேன்... இவன் உடம்பெல்லாம் ரத்தத்தோட அவரைத் தூக்கிட்டு இருந்தான்!"

"மாடியில படுத்திருந்தேன். ஃபேன் நின்னு போச்சு. ஃப்யூஸ் போயிடுச்சான்னு பார்க்கக் கீழ வந்தேன். மாமா கிடந்தார். உசிர் இருக்கான்னு தூக்கிப் பார்த்தேன்... அக்கா ஈரக் கையோட வந்து நிக்கறா! இவதான்னு நெனச்சேன்!"

"இவன்தான்னு நெனச்சேன்! இவனை மாடிக்குத் தள்ளிவிட்டு, ஏணியை அவர் கால் மேல போட்டுட்டு அப்புறம்தான் கத்தினேன்!"

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர். ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. இவனுக்காக அவள், அவளுக்காக இவன்!

தடுமாறிய மரக்கடைக்காரர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது ஹாலஜன். அது சுட்ட சூட்டில் விட்டிருக்க வேண்டும். விடுவதற்குள் அது சுவரிலிருந்து பிய்ந்து அவர் மேலேயே வந்துவிட்டது. பின்னால் துவைக்கிற கல்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உறையில் போட்டார். மெதுவாகச் சுவரிடம் போனார். நீட்டிக்கொண்டிருந்த இரண்டு போல்ட்டையும் விரலால் தடவினார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். முகர்ந்தார். செத்தவரின் மேல் கிடந்த துணியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"துரு," என்றார்.

கான்ஸ்டபிள் கீழே குனிந்து எதையோ பொறுக்கினார். "சார், ரெண்டு நட்டும் இங்க கெடக்கு. மரையெல்லாம் நல்லாத்தான்..."

"துருன்னு சொன்னேன்."

"துருதான் சார்."

"எழுதிக்கோ. பழைய லைட்டைக் கழட்டப் போய், துருப்பிடிச்ச போல்ட் விட்டுப்போய், தவறி விழுந்து மரணம். அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." பிறகு தம்பியைக் காட்டி டெஸ்டரைக் கேட்டார். "இவன் மேல புகார் குடுக்கறியா?"

டெஸ்டர் கழுத்தைத் தடவினான். கையெல்லாம் ரத்தம். "இல்ல சார். ரெண்டு நாளா ஷேவ் பண்ணல. அவருக்குப் பொறுக்கல போல."

"ஏணியை எடுத்துட்டுக் கிளம்பு. இங்க ஏணியே இல்ல. நான் பார்க்கல."

டெஸ்டர் ஏணியைத் தோளில் போட்டான். போலீஸ் வேனில் ஏறப் போன அக்கா திரும்பினாள்.

"அண்ணே... நாளைக்கு வாங்க. அதை முதல்ல மாட்டுங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏனென்றால் அவனுக்குத் தெரியும். அது துரு இல்லை! நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில், நாளைக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்று, அந்த இரண்டு நட்டுக்கும் எண்ணெய் விட்டு, நுனி வரைக்கும் தளர்த்தி வைத்துவிட்டுப் போனவன் அவன்தான். அதைச் சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் வீடு. டெஸ்டர் வீட்டுக்கு நடந்தான். வாய் இவ்வளவு நேரம் கழித்துத்தான் மூடக் கற்றுக்கொண்டது.

தெருமுனை. பின்னால் ஜீப் வந்து உரசிக்கொண்டு நின்றது. ஏணி நடுங்கியது.

"டேய் டெஸ்டர்!"

"சா... சார்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என் வீட்டுலயும் ரெண்டு ஹாலஜன் இருக்கு. மாத்தணும்."

"நாளைக்கே வந்துடறேன் சார்! மாட்டறதுக்குக் கூலியே வேண்டாம் சார்!"

"நீ என் வீட்டு வாசப்படி மிதிச்சே, காலை உடைச்சுடுவேன்." இன்ஸ்பெக்டர் இரண்டு விரலை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி ஒரு தடவை முகர்ந்தார். "முந்தின நாளே எண்ணெய் விட்டு நட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போற எலக்ட்ரீஷியன் எனக்கு எதுக்கு?"

டெஸ்டரின் தோளிலிருந்து ஏணி நழுவித் தரையில் விழுந்தது.

ஜீப் உறுமியது. இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்க மேலதிகாரி வீட்டுல நாலு ஹாலஜன் இருக்கு. அட்ரஸ் சொல்றேன்... எழுதிக்கோ!"